தலைச்சுற்றும் ஆட்டுப் புழுவும்: ஒரு ஜேர்மன் சொல்லின் வரலாறு

தலை சுழலும் உணர்ச்சியைக் குறிப்பதற்குத் தமிழிலே சொற்களுக்குக் குறைவில்லை. தலைச்சுற்று என்கிறோம், கிறுகிறுப்பு என்கிறோம், சற்று மிகுந்துவிட்டால் மயக்கம் என்கிறோம். இவற்றுள் எதனைக் கேட்டாலும் பொருள் உடனே விளங்கும். தலைச்சுற்று என்றால் தலை சுற்றுதல். அதற்கு மேல் ஆராய வேண்டியது ஒன்றுமில்லை. ஜேர்மன் மொழியில் இந்நோவைச் சுட்டும் சொற்களுள் ஒன்றோ கேட்பவரைத் திடுக்கிடச் செய்வது. குடை இராட்டினத்தில் ஏறிப் பல முறை சுழன்றுவிட்டுத் தள்ளாடித் தள்ளாடி இறங்கும் ஜேர்மன் சிறுவன், தனக்கு ‘டிரேவுர்ம்’ வந்துவிட்டது என்பான். அச்சொல்லைப் பிரித்தால் ‘டிரே’ என்றும் ‘வுர்ம்’ என்றும் இரு கூறுகள் கிடைக்கும். முன்னது சுற்று என்னும் வினையடி. பின்னது புழு.

தலை சுற்றுவதற்கும் புழுவுக்கும் யாது தொடர்பு? விடையைத் தேடி நாம் அகராதியிலிருந்து புறப்பட்டு ஓர் ஆட்டுப் பட்டி வரைக்கும் செல்ல வேண்டியிருக்கும்.

முதலில் இத்தொடரின் இலக்கண அமைதியைப் பார்ப்போம். தொகைச்சொல் என்பது தமிழுக்கே உரிய தனிச்செல்வம் என நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். சொற்களைத் தொகுத்து ஒரே சொல்லாக எழுதுவதில் ஜேர்மனியர் நமக்கு இளைத்தவரல்லர். அவர்களுடைய தொகைகளுள் ஒருவகை நம்முடைய வினைத்தொகையை அப்படியே ஒத்திருப்பது வியப்புக்குரியது. குடிப்பதற்குரிய நீரை அவர்கள் ‘ட்ரிங்க்வாஸர்’ என்பர். ‘ட்ரிங்க்’ என்பது குடி என்னும் வினையடி. ‘வாஸர்’ என்பது நீர். ஆகவே அது நம்முடைய குடிநீர் என்பதேயாம். எழுதும் மேசையை ‘ஷ்ரைப்டிஷ்’ என்பர். அதுவும் எழுதுமேசை என்பதே. இரு மொழியிலும் வினையின் அடி மாத்திரம் நிற்கிறது. காலங்காட்டும் உறுப்பில்லை, திணை பால் காட்டும் விகுதியில்லை. குடித்த நீரா, குடிக்கின்ற நீரா, குடிக்கும் நீரா என்று கேட்டால் மூன்றும் ஆகலாம் என்பதே விடை. இரு மொழிகளுக்கும் இனவுறவு யாதுமில்லை. ஆயினும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

டிரேவுர்ம் என்பதும் இவ்வகைத் தொகையே. தமிழாக்கின் சுற்றுபுழு என வரும். வினைத்தொகையாதலின் இடையே பகரவொற்று மிகாது. இனி ஒரு வினா எழும். இங்கே சுற்றுவது புழுவா? வினைத்தொகையில் நிலைமொழி கூறும் தொழிலை வருமொழிப் பொருளே செய்ய வேண்டும் என்னும் நியதியில்லை. கொல்களிறு என்புழிக் கொல்வது களிறு. ஆடரங்கு என்புழி ஆடுவது அரங்கன்று. அரங்கின்மீது வேறொருவர் ஆடுவர். சுற்றுபுழு என்பது இரண்டாம் இனத்தைச் சேர்ந்தது. புழு சுற்றுவதில்லை. அது காரணமாக வேறொன்று சுற்றுகிறது. அந்த வேறொன்று யாது என்பதிலேதான் சொல்லின் வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

அதற்குள் நுழையுமுன், தலைச்சுற்றுக்கு ஜேர்மனியர் வழங்கும் பொதுச்சொல் இதுவன்று என்பதையுங் கூறிவிட வேண்டும். பொதுச்சொல் ‘ஷ்விண்டெல்’ என்பது. மறைதல், தேய்ந்து போதல் என்று பொருள்படும் பழைய வினையொன்றிலிருந்து அது பிறந்தது. கண் இருண்டு, எதிரிலுள்ள பொருள்கள் மங்கி மறைவதையே அச்சொல்லைப் படைத்தோர் கருத்திற் கொண்டனர் போலும். மருத்துவர்கள் இதனோடு வேறு சொற்களைத் தொகுத்து நோயின் வகைகளைப் பிரித்துக் கூறுவர். உலகம் சுழல்வது போன்றிருப்பின் ‘டிரேஷ்விண்டெல்’. படகில் நிற்பது போல் நிலம் அசைந்தால் ‘ஷ்வாங்க்ஷ்விண்டெல்’. உயரத்திலிருந்து கீழே நோக்கும்போது வருவது ‘ஹூவன்ஷ்விண்டெல்’. இதே ஷ்விண்டெல் மோசடி என்றும் பொருள்படும். தலை கிறுகிறுத்தவன் போல் நிதானமற்ற திட்டங்களில் இறங்கி ஊரார் பணத்தைப் போக்கடிப்பவனைச் சுட்டிய சொல் 18ஆம் நூற்றாண்டில் இலண்டனுக்குச் சென்றது; அங்கே ஏமாற்றுக்காரன் என்னும் பொருளை உறுதியாகப் பெற்று, மீண்டும் ஜேர்மனிக்கே திரும்பிற்று. ஆங்கிலத்திலே ‘சுவிண்ட்லர்’ என்பதும் இதுவே. தாய்வீட்டிலிருந்து சென்ற பெண் புதுப் பழக்கங்களோடு திரும்பி வருவது போல, சொற்களும் சில வேளைகளில் வரும்.

இனி, நம் சொல்லின் கூறுகளுக்கு வருவோம். சுற்றுதலைக் குறிக்கும் ‘டிரேயென்’ என்னும் வினைக்கு ஆங்கிலத்திலே ஓர் உடன்பிறப்பு உண்டு. அது ‘த்ரோ’ என்பது. இன்று அதற்கு எறிதல் என்பதே பொருள் என நாம் படிப்பிக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதற்குத் திருகுதல், சுழற்றுதல் என்பனவே பொருள். குயவன் சக்கரத்தைச் சுழற்றி மட்பாண்டம் வனைவதை ஆங்கிலேயர் இன்றும் இவ்வினையாலேயே கூறுவர். பானையை எறிவது எப்படி என்று மயங்குவோர் இதனை நினைவிற் கொள்க. முறுக்கித் திரித்த நூலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘த்ரெட்’, கம்பிக்கு ஜேர்மனில் வழங்கும் ‘ட்ராட்’ என்பனவும் இவ்வடியிற் பிறந்தவையே.

புழுவைக் குறிக்கும் ‘வுர்ம்’ என்பதன் குடும்பம் இதனினும் பெரியது. பழங்காலத்தில் அது சிறு புழுவை மாத்திரம் சுட்டவில்லை. பாம்பும் வுர்ம், கதைகளில் நெருப்புமிழும் பறவைநாகமும் வுர்ம். பழைய நோர்ஸ் மொழியில் இதன் இனச்சொல்லுக்குப் பாம்பு என்பதே பொருள். இலத்தீனில் புழுவைக் குறிக்கும் ‘வெர்மிஸ்’ இதன் உறவு. இவை யாவும் ‘திரும்பு, வளை’ என்னும் பொருளுடைய பழைய வேர் ஒன்றிலிருந்து வந்தன என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் கொள்கை. நெளிந்து வளைந்து செல்வது எதுவோ அதுவே வுர்ம் ஆயிற்று. அவ்வேரின் விரிவான வடிவமொன்றிலிருந்தே ‘திருப்பு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையும், அதன் வழியே மருத்துவர் இன்று தலைச்சுற்றுக்கு வழங்கும் ‘வெர்ட்டிகோ’ என்னும் சொல்லும் தோன்றின. எனவே டிரேவுர்ம் என்னுந் தொகையின் இரு கூறுகளும் வெவ்வேறு வழியாகச் சுழற்சியையே அடிப்படையாகக் கொண்டன என்றாகிறது. சொல்லைப் படைத்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். வெர்மிஸ் என்பதைக் கேட்டவுடன் நம் மாணவர்களுக்குக் கிருமி என்னும் சொல் நினைவுக்கு வரும். கிருமி வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. இரண்டும் புழுவையே குறித்தன, ஓசையும் ஒத்திருக்கிறது, வடமொழியும் இலத்தீனும் ஓரினத்தன. ஆகவே இரண்டும் ஒன்றே என்று தீர்ப்புக் கூறிவிடலாம் போலத் தோன்றும். ஒப்பியல் மொழிநூலார் அவ்வாறு கொள்வதில்லை. முதலெழுத்துக்களாகிய ககர வகரங்கள் ஒன்றற்கொன்று மாறி வருவதற்கு அம்மொழிகளின் ஒலிவிதிகளில் இடமில்லை. ஆதலால் கிருமிக்கு ஒரு மூலமும், வெர்மிஸுக்கு வேறொரு மூலமும் வகுத்திருக்கின்றனர். எதுகை நயம்பட அமைந்த இரு சொற்கள் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓசை ஒப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு உலக மொழிகளையெல்லாம் தமிழிலிருந்து பிறப்பிக்கும் நண்பர்கள் சிலருக்கும் இதனைப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றேன்.

இனித் தலையாய வினா: அப்புழு எது?

எளிதாகத் தோன்றும் விடையொன்று உண்டு. பண்டைக் காலத்து மக்கள் நோய்களுக்கெல்லாம் புழுவே காரணம் என்று நம்பினர். ஜேர்மனியிலே பல்வலியைப் ‘பற்புழு’வின் வேலை என்றனர். புழுவை உடலின் உள்ளிருந்து படிப்படியாக வெளியே வரும்படி ஏவும் மந்திரங்கள் ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட ஜேர்மானிய ஏடுகளிலேயே காணப்படுகின்றன. ‘ஓர்வுர்ம்’, அதாவது காதுப்புழு, என்றொரு சொல்லும் அவர்களிடம் உண்டு. உறங்குவோர் காதினுட் புகுந்துவிடும் என்று அஞ்சப்பட்ட ஒரு சிறு பூச்சியின் பெயர் அது. இன்று அச்சொல், ஒருமுறை கேட்டால் நாள் முழுவதும் மனத்தை விட்டு நீங்காத பாட்டைக் குறிக்கிறது. பற்புழு இல்லை, காதுப்புழுவின் கொடுமையும் பெரும்பாலும் கற்பனை. எனவே சுற்றுபுழுவும் அத்தகைய மூடநம்பிக்கையின் எச்சமே என்று முடிவு கட்டுவது இயல்பு. நாமும் பூச்சிப்பல் என்கிறோம் அல்லவா? பற்களைப் புழு அரிப்பதில்லை என 1728இல் வெளிவந்த தமது நூலில் பிரெஞ்சுப் பல் வைத்தியர் பியர் போஷார் மறுத்துரைத்தார். எனினும் சொல் நம் நாவில் நிலைத்திருக்கிறது.

இவ்விடை அழகியது, ஆயின் பிழையானது. பற்புழு பொய், சுற்றுபுழு மெய். அது கண்ணாற் காணத்தக்கது, கையால் எடுக்கத்தக்கது. அது வாழ்ந்த தலையோ மனிதனுடைய தலையன்று, செம்மறியாட்டினுடையது.

மந்தையில் ஓர் இளம் ஆடு தனித்து நிற்கத் தொடங்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ளும். பின்னர் மேய்ச்சலை மறந்து, ஓரிடத்திலேயே வட்டமிட்டுச் சுற்றும். சுற்றிச் சுற்றித் தடுமாறி விழும். எழுந்து மறுபடியும் சுற்றும். சில ஆடுகள் பார்வையை இழக்கும். நாளடைவில் உடல் மெலிந்து இறக்கும். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குட்பட்ட ஆடுகளையே இந்நோய் பற்றும். ஆகையால் மேய்ப்பன் இழப்பது மந்தையின் வருங்காலத்தையாகும். ஜேர்மன் மேய்ப்பர் இதனைச் சுற்றுநோய் என்றே வழங்கினர். ஆட்டின் மண்டையைத் திறந்தால் மூளையில் நீர் நிறைந்த ஒரு மெல்லிய பை இருக்கும். அது கோழிமுட்டையளவு பெருத்திருப்பதும் உண்டு. அதன் உட்சுவரில் வெண்ணிறப் புள்ளிகள் கூட்டங் கூட்டமாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவின் தலை. பை மண்டையோட்டினருகே இருந்தால் அவ்விடத்து எலும்பு மெலிந்து, விரலால் அமுக்கினால் நெகிழும். அவ்விடத்தைத் துளைத்துப் பையை வெளியே எடுத்து ஆட்டைப் பிழைக்கச் செய்யும் முறையும் வழக்கிலிருந்தது. அத்தகைய மேய்ப்பனிடம் சென்று புழு என்பது மூடநம்பிக்கை என்று சொன்னால், அவன் நம்மைப் பற்றி என்ன நினைப்பான்!

கிரேக்க வைத்தியர் இப்போக்கிராத்தீசின் பெயரால் வழங்கும் பழைய நூற்றொகுதியில், வலிப்பு நோயைப் பற்றிய ஒரு நூல் உண்டு. அந்நோய் தெய்வத்தால் வருவதன்று, மூளையிலிருந்து வருவது என்று வாதிடும் அந்நூலாசிரியர், நோயுற்ற வெள்ளாட்டின் தலையைத் திறந்தால் மூளையில் நீர் நிறைந்திருப்பதைக் காணலாம் என்று சான்று காட்டுகிறார். அவர் கண்டது இச்சுற்றுநோயே போலும் என்பர் பிற்காலத்தார்.

பைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தனி நூலாகவே எழுதியவர் லைப்சிக் நகரத்து இயற்கைநூலறிஞர் நத்தானியேல் கொட்பிரீட் லெஸ்கே என்பவர். அந்நூல் 1780இல் வெளிவந்தது. ஆடுகளின் சுற்றுதலும் அதற்குக் காரணமான மூளைப் பைப்புழுவும் என்பது அதன் நீண்ட தலைப்பின் கருத்து. அப்புழுவுக்கு இன்று வழங்கும் இலத்தீன் பெயரான ‘தீனியா மல்ட்டிசெப்ஸ்’ என்பதிலுள்ள இரண்டாஞ் சொல்லும் லெஸ்கே இட்டதே. பலதலையன் என்பது அதன் பொருள். பைக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் தலைகளை எண்ணியே அவ்வாறு பெயரிட்டார்.

பை ஆட்டின் மூளைக்குள் எவ்வாறு புகுந்தது என்பது மேலும் எழுபது ஆண்டுகள் விளங்கவில்லை. இத்தகைய புழுக்கள் உடலினுள்ளே தாமாகவே தோன்றுவன என்று கொண்டோரும் இருந்தனர். 1850களின் முற்பகுதியில், சாக்சனியிலுள்ள சிற்றாவு என்னும் ஊரில் வைத்தியஞ் செய்துவந்த பிரீட்ரிக் கூக்கென்மைஸ்டர் இதனைச் சோதனையால் தீர்த்தார். ஆட்டு மூளையின் பையை நாய்க்கு ஊட்டினார். நாயின் குடலில் நாடாப்புழுக்கள் வளர்ந்தன. அப்புழுவின் முட்டைகளை ஆட்டுக்கு ஊட்டினார்; ஆடு சுற்றத் தொடங்கிற்று. வட்டம் முழுமையாயிற்று. நாயின் குடலில் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம் வரை வளரும் புழுவின் முட்டைகள், நாயின் மலத்தோடு புல்லில் விழும். ஆடு அப்புல்லை மேயும். முட்டையிலிருந்து வெளிப்பட்ட குடம்பி குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு சென்று மூளையில் தங்கி, மாதக்கணக்கிற் பெருத்துப் பையாகும். ஆடு இறந்தபின் அதன் தலையை மேய்ப்பன் எங்கே எறிவான்? தன் நாய்க்குத்தான். மந்தையைக் காப்பதற்கென வளர்த்த நாயே மந்தைக்கு நோயைப் பரப்பியது. அதற்கு அந்நோயை ஊட்டியவன் மேய்ப்பன். தலையை நாய்க்கு இடாது எரித்துவிடுதலும், நாய்களுக்கு ஒழுங்காகப் பூச்சி மருந்து கொடுத்தலுமே அன்று முதல் இன்று வரை கூறப்படும் தற்காப்பு.

இவ்வாட்டுப் புழுவின் பெயரே டிரேவுர்ம். ஜேர்மன் அகராதிகளில் அச்சொல்லுக்கு அப்புழு என்பது ஒரு பொருள். தலைச்சுற்று என்னும் பேச்சுவழக்குப் பொருள் மற்றொன்று. ஆட்டைப் போல் சுற்றித் தடுமாறுபவனைப் பார்த்து, இவன் தலையிலும் அந்தப் புழு புகுந்துவிட்டது என்று யாரோ நகையாடியிருக்க வேண்டும். நகைச்சுவை வழக்காகி, வழக்கு நிலைத்து, ஆடு மறைந்துவிட்டது. ஆட்டையே கண்டறியாத நகரத்துச் சிறுவர்களும் இன்று அச்சொல்லை வழங்குகின்றனர்.

அயல்மொழிகளை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். பிரெஞ்சு மொழியில் ஆட்டின் சுற்றுநோய்க்குத் ‘தூர்னி’ என்று பெயர். தலை சுற்றுபவனும் தனக்குத் தூர்னி வந்துவிட்டது என்பான். அங்கும் சொல் ஆட்டிடமிருந்து மனிதனிடம் வந்தது. ஆங்கிலத்திலோ பயணம் எதிர்த்திசையில் நடந்தது. தலைச்சுற்றுடையவனைச் சுட்டும் ‘கிடி’ என்னும் சொல் முன்பே இருந்தது. தெய்வம் ஏறியவன் என்பது அதன் தொடக்கப் பொருள். நாம் சன்னதம் கொண்டவன் என்போமே, அஃதொப்பது. அச்சொல்லின் கடையைக் குறைத்து ‘கிட்’ என ஆட்டு நோய்க்குப் பெயராக்கினர். ஜேர்மனியன் ஆட்டின் நோயை மனிதனுக்குக் கொடுத்தான். ஆங்கிலேயன் மனிதனின் மயக்கத்தை ஆட்டுக்குக் கொடுத்தான்.

இராட்டினத்தில் சுழன்ற சிறுவனுக்குத் தலை சுற்றுவது புழுவாலன்று என்பதைக் கூற வேண்டியதில்லை. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்களில் இருக்கும் நீர்மம், உடல் நின்ற பின்னும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் மூளை, நாம் இன்னும் சுழல்வதாக எண்ணுகிறது. எர்ன்ஸ்ட் மாக், யோசெப் புரொயர் முதலியோர் 1870களில் தனித்தனியே ஆராய்ந்து இக்குழாய்களின் தொழிலை விளக்கினர்.

ஜேர்மனியிற் குடியேறி வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எழுதிய கடிதமே என்னை இவ்வாராய்ச்சியில் இறக்கியது. அவருடைய மகள் பாடசாலை விழாவிலிருந்து வந்து, தனக்கு டிரேவுர்ம் என்றாளாம். தகப்பனார் சொல்லைப் பிரித்துப் பொருள் கூற, வீட்டிலிருந்த அப்பாச்சி, பேத்தியின் வயிற்றில் பூச்சிதான் என்று துணிந்து, பூச்சி மருந்து வாங்கிவரச் சொல்லிவிட்டாராம். இச்சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்று நண்பர் வினவியிருந்தார். பிள்ளையின் வாயில் அது வரும்போது தலைச்சுற்று என்றே பெயர்க்க வேண்டும் என்று எழுதினேன். சுற்றுபுழு என்று வைத்தால் இலக்கணம் பிழையாது. ஆயின் அச்சொல்லுக்குப் பின்னாலிருந்த ஆட்டுப் பட்டி தமிழ்க் காதுக்குப் புலப்படாது, அப்பாச்சிக்குப் பட்ட பொருளே எல்லோருக்கும் படும். கால்நடை வைத்தியம் எழுதுவோர் ஆட்டின் மூளையிலுள்ள பையைக் குறிக்கச் சுற்றுபுழு என்று தாராளமாக வழங்கலாம். அங்கும் பகரவொற்றை இட்டுவிடாதிருக்க வேண்டும்.